வடசென்னையில் வீட்டோடு குரூமிங், பெட் கடை: எந்த அனுமதி, யாரிடம், எந்த வரிசையில்

வீட்டுக் கீழ்ப் போர்ஷனில் நாய் குளிப்பாட்டி முடி வெட்டும் குரூமிங் தொடங்கலாமா, ஊருக்குப் போகிறவர்களின் நாய் பூனையை நாலு நாள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாமா, தீவனமும் கழுத்துப்பட்டையும் விற்கலாமா என்று கேட்கிறவர்கள் எல்லோரும் ஒரே ஒரு காகிதத்தைத் தேடுகிறார்கள். அப்படி ஒரு காகிதம் கிடையாது. கேள்விகள் மூன்று. அந்த மனையில் வியாபாரத்துக்கு மாஸ்டர் பிளான் (நகரின் நிலப் பயன்பாட்டுத் திட்டம்) இடம் கொடுக்கிறதா? கட்டடத்துக்கு வாங்கிய பிளான் அனுமதி அதற்குப் பொருந்துகிறதா? தொழில் நடத்த மாநகராட்சியின் உரிமம் இருக்கிறதா? முதலிரண்டும் இடத்தைப் பற்றியவை, மூன்றாவது தொழிலைப் பற்றியது. பலர் மூன்றாவதை மட்டும் வாங்கி ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்த பிறகுதான் முதலிரண்டைப் பற்றிக் கேள்விப்படுகிறார்கள்.

உதயம் சான்று வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது சிறு தொழில் என்று மத்திய அரசிடம் செய்துகொள்ளும் பதிவு, இலவசம், ஆன்லைனில் உடனே வந்துவிடும், வங்கிக் கடனுக்கு உதவும். இந்தத் தெருவில் இந்த வீட்டில் தொழில் செய்யலாம் என்று அதில் எங்கேயும் எழுதியிருக்காது. ஜிஎஸ்டி எண்ணும் அப்படித்தான். சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால் அது வேண்டும், ஆனால் அதைக் காட்டி மாநகராட்சியின் ஏ.இ.யை (உதவிப் பொறியாளர்) சமாதானப்படுத்த முடியாது.

தொழிலைப் பிரித்துப் பாருங்கள்

'பெட் பிசினஸ்' என்று மொத்தமாகச் சொன்னால் அலுவலகத்தில் யாருக்கும் எதுவும் புரியாது, புரியாததற்கு அனுமதி கொடுக்க எந்த அதிகாரியும் துணிய மாட்டார். தீவனம், பெல்ட், பொம்மை, ஷாம்பு விற்பது சாதாரணச் சில்லறைக் கடை, உயிருள்ள விலங்கே அங்கே இல்லை. குரூமிங் என்பது சலூன் மாதிரி, பகலில் வந்து பகலில் போகிற வேலை. சத்தம் நாயுடையதை விட முடி உலர்த்தும் ப்ளோவருடையதுதான் அதிகம். போர்டிங் என்றால் இரவில் நாய் தங்கும், புது இடத்தில் ஒன்று குரைக்க ஆரம்பித்தால் எல்லாம் சேர்ந்துகொள்ளும், குடியிருப்புத் தெருவில் தகராறு வருவது பெரும்பாலும் இதில்தான். குட்டி, பறவை, முயல், வெள்ளெலி விற்பது பெட் ஷாப், அதற்குத் தனி மத்திய விதிகள் உண்டு. பிரீடிங் (இனவிருத்தி) என்றால் இன்னொரு தனி விதி. கால்நடை கிளினிக் என்றால் பதிவு பெற்ற மருத்துவர் வேண்டும், மருத்துவக் கழிவுக்கு ஏற்பாடு வேண்டும்.

என் அபிப்பிராயம் கேட்டால், ஒண்டிக்குடித்தனமும் ஒட்டுச்சுவரும் உள்ள பழைய வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, ராயபுரம் சந்துகளில் குரூமிங்கும் பொருள் விற்பனையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். போர்டிங் வேண்டும் என்றால் மாதவரம், புழல் பக்கம் சுற்றிலும் இடம் விட்ட தனி வீடு பாருங்கள். பிரீடிங்கைக் குடியிருப்புத் தெருவில் நினைக்கவே வேண்டாம், அனுமதியே கிடைத்தாலும் தெரு உங்களை நிம்மதியாக விடாது.

மனை எந்தப் பயன்பாட்டில் இருக்கிறது

சென்னைக்கு நிலப் பயன்பாட்டை வகுப்பது சி.எம்.டி.ஏ.வின் (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) மாஸ்டர் பிளான். இரண்டாவது மாஸ்டர் பிளான் 2008 செப்டம்பரில் ஒப்புதல் பெற்றது, 2026 வரைக்குமாகப் போடப்பட்டது, மூன்றாவதற்கான வேலையும் நடந்துகொண்டிருக்கிறது. அதனால் யாரோ பத்து வருஷத்துக்கு முன் சொன்னதை நம்பாமல் இன்றைய நிலையைப் பாருங்கள். ஒவ்வொரு சர்வே எண்ணும் ஏதாவது ஒரு பயன்பாட்டில் வரும்: முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழிற்சாலை, அபாயத் தொழிற்சாலை, திறந்தவெளி, விவசாயம், இப்படி. மாநகராட்சியின் 4ஆம் மண்டலம் தண்டையார்பேட்டை, 5ஆம் மண்டலம் ராயபுரம், 6 திரு.வி.க. நகர் என்கிறோமே, அது நிர்வாகப் பிரிவு. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, இரண்டையும் குழப்பிக்கொண்டு கவுண்டரில் நிற்காதீர்கள்.

முதன்மைக் குடியிருப்பில் வீடுகள்தான் பிரதானம், அதோடு பெட்டிக்கடை, தையல்கடை, பால் பூத் மாதிரி தெருவுக்கு அன்றாடம் தேவைப்படுகிற சின்ன விஷயங்களுக்கும் இடம் உண்டு. கலப்புக் குடியிருப்பில் கடைக்கும் அலுவலகத்துக்கும் வாய்ப்பு கூடுதல். பெரம்பூர் நெடுஞ்சாலை, எருக்கஞ்சேரி நெடுஞ்சாலை, திருவொற்றியூர் நெடுஞ்சாலை மாதிரி பெரிய ரோட்டை ஒட்டிக் கடைகள் வரிசையாக இருப்பதைப் பார்த்துவிட்டு, அதற்கு இரண்டு தெரு உள்ளே இருக்கிற உங்கள் வீடும் அதே வகை என்று நினைக்க வேண்டாம். ரோட்டின் மேல் இருக்கிற மனை ஒரு வகையும் பின்னால் இருக்கிற மனை இன்னொரு வகையுமாக இருப்பது சகஜம். பக்கத்து வீட்டில் பத்து வருஷமாக ஜெராக்ஸ் கடை ஓடுகிறது என்பதும் ஆதாரம் ஆகாது, அவர்மேல் இதுவரை யாரும் புகார் கொடுக்கவில்லை என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தமாக இருக்கலாம்.

இதைப் பார்க்க டவுன் சர்வே (டி.எஸ்.) எண்ணும் பிளாக் எண்ணும் வேண்டும். பட்டாவில் இருக்கும், இல்லையென்றால் தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் தாலுகா, வார்டு, பிளாக் கொடுத்து டவுன் சர்வே பதிவேட்டு நகலை எடுக்கலாம். பத்திரத்தில் பழைய சர்வே எண், பட்டாவில் புது டி.எஸ். எண் என்று இரண்டு இருந்தால் இரண்டையும் எழுதி வையுங்கள், வடசென்னையில் இது அடிக்கடி நடக்கிறது. அப்புறம் சி.எம்.டி.ஏ. இணையதளத்தில் நிலப் பயன்பாட்டைப் பாருங்கள், அல்லது எழும்பூர் காந்தி இர்வின் சாலையில் இருக்கிற தாளமுத்து நடராசன் மாளிகைக்கு நேரிலேயே போய்க் கேளுங்கள்.

வாய்மொழியாக 'செய்யலாம் சார், ஒண்ணும் பிராப்ளம் இல்ல' என்று யார் சொன்னாலும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, அதையே எழுத்தில் கேளுங்கள். அனுப்புநர், பெறுநர் எல்லாம் வழக்கம்போல் போட்டுவிட்டு, நடுவில் இந்த மாதிரி எழுதினால் போதும்:

"பொருள்: தண்டையார்பேட்டை வட்டம், பிளாக் எண் ……, டி.எஸ். எண் …… மனையின் நிலப் பயன்பாடு மற்றும் அனுமதிக்கத்தக்க உபயோகம் குறித்துத் தெளிவுரை கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர், மேற்படி மனையில் உள்ள தரைத்தள வீட்டின் முன் அறையில் (…… சதுர அடி) வளர்ப்பு நாய், பூனைகளை (ஒரு நேரத்தில் …… விலங்குகள் மட்டும்) குளிப்பாட்டி முடி திருத்தும் சேவையைப் பகல் நேரத்தில் மட்டும் நடத்த விரும்புகிறேன். விலங்குகள் இரவில் தங்கவைக்கப்படமாட்டா. விலங்குகள் விற்பனையும் இனப்பெருக்கமும் செய்யப்படமாட்டா. மேற்படி மனை எந்தப் பயன்பாட்டில் வகைப்படுத்தப்பட்டுள்ளது என்றும், மேற்கண்ட சேவை அதில் அனுமதிக்கத்தக்கதா, கட்டட உபயோக மாற்றத்துக்குத் திட்ட அனுமதி பெற வேண்டுமா என்றும் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

எத்தனை சதுர அடி, என்ன நேரம், எத்தனை விலங்கு, எது கிடையாது: இந்த நான்கும் மனுவில் இருக்க வேண்டும். 'எது கிடையாது' என்பதை விட்டுவிடாதீர்கள். மனுவைப் படிக்கிறவர் கண்முன் வருவது நாற்றமும் குரைப்பும்தான், அது இல்லை என்று நீங்களே முதலில் சொல்லிவிட வேண்டும். தபால் பிரிவில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள், இல்லையென்றால் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

பதில் வராமல் இழுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். அதில் 'நான் செய்யலாமா' என்று கேட்டால் அபிப்பிராயம் சொல்ல இயலாது என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். 'இந்த டி.எஸ். எண்ணின் நிலப் பயன்பாட்டு வரைபடத்தின் நகல், இந்தப் பயன்பாட்டில் அனுமதிக்கப்பட்ட உபயோகங்களின் பட்டியல் நகல், என் முந்தைய மனுவின் மேல் எழுதப்பட்ட கோப்புக் குறிப்புகளின் நகல்' என்று ஆவணமாகக் கேளுங்கள்.

பயன்பாடே ஒத்துவரவில்லை என்றால் மனையை வகை மாற்றக் கேட்கும் வழி ஒன்று இருக்கிறது, நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இன் 32ஆவது பிரிவில் வருகிறது. விண்ணப்பம், கட்டணம், பத்திரிகையில் அறிவிப்பு, ஆட்சேபம் கேட்பது, குழுவின் ஆய்வு, அரசு வரை போவது என்று நீளும். கல்யாண மண்டபம் கட்டுகிறவர்களும் குடோன் போடுகிறவர்களும் போகிற பாதை அது. ஒரு குரூமிங் டேபிளுக்காக அதில் இறங்காதீர்கள், அந்தப் பணத்துக்கு நல்ல ரோட்டில் இரண்டு வருஷ வாடகை கொடுக்கலாம்.

வடசென்னைக்கே உரிய சில சிக்கல்கள்

திருவொற்றியூர், மணலி, மாதவரம், கத்திவாக்கம் எல்லாம் 2011இல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. அதற்கு முன் நகராட்சியிலோ ஊராட்சியிலோ வாங்கிய பிளான் உங்கள் கையில் இருந்தால் அதன் நகலைப் பத்திரமாக வையுங்கள், மண்டல அலுவலகத்தில் அந்தக் கோப்பு எடுக்கக் கிடைக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். மனைப்பிரிவே அங்கீகாரம் இல்லாதது என்றால் முதலில் வரன்முறை, அதாவது அதை முறைப்படுத்துவது. 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனைகளுக்காக 2017இல் வரன்முறைத் திட்டம் வந்தது. அப்போது வரன்முறைப்படுத்தாமல் விட்ட மனை என்றால் மற்ற எல்லா விண்ணப்பமும் அங்கேயே நின்றுவிடும்.

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எர்ணாவூர் கடலோரத் தெருக்களில் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலமும் குறுக்கே வரும். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் அதன் எல்லை. பழைய வீட்டுக்குள் தொழில் என்பதற்கும் புதிதாக ஷெட் போடுவதற்கும் அங்கே பெரிய வித்தியாசம், ஷெட் போடும் யோசனை இருந்தால் தனியாகக் கேட்டுவிடுங்கள். புழல் பக்கம் ஏரி நீர்ப்பிடிப்புப் பகுதிக்குத் தனிக் கட்டுப்பாடு, மணலி பக்கம் அபாயத் தொழிற்சாலைப் பகுதி. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பில் இருப்பவர்கள் ஒதுக்கீட்டு ஆணையை எடுத்து நிபந்தனைகளைப் படியுங்கள், குடியிருக்கக் கொடுத்த வீட்டில் தொழில் நடத்தினால் ஒதுக்கீட்டுக்கே ஆபத்து வரலாம்.

அப்புறம் மழை. புளியந்தோப்பு, பட்டாளம், வியாசர்பாடி ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிற தெருவில் தரைத்தளத்தில் நாய்களைத் தங்கவைக்க எந்த அனுமதி இருந்தும் பிரயோஜனம் இல்லை. தேங்கிய தண்ணீரில் எலிச்சிறுநீர் கலந்தால் லெப்டோ (எலிக்காய்ச்சல்) நாய்க்கும் வரும், குளிப்பாட்டுகிற ஆளுக்கும் வரும். கடையை நவம்பரில் போய்ப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

கட்டடமும் வீட்டுக்காரரும்

வீடு என்று பிளான் வாங்கிய கட்டடத்தை வணிகத்துக்கு மாற்றுவதும் சட்டத்தின் கண்ணில் ஒரு 'வளர்ச்சி'தான், சுவர் ஒன்றையும் இடிக்காவிட்டாலும். அதனால் உபயோக மாற்றத்துக்குத் திட்ட அனுமதி தேவையா என்பதை மேலே சொன்ன மனுவிலேயே கேட்கச் சொன்னேன். தேவை என்று பதில் வந்தால் பதிவு பெற்ற பொறியாளரையோ கட்டடக் கலைஞரையோ வைத்து ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி ரோட்டின் அகலம், பார்க்கிங், சுற்றி விட்ட இடம் எல்லாம் பார்ப்பார்கள். எங்கள் பக்கத்துச் சந்துகளில் பாதி விண்ணப்பம் ரோட்டின் அகலத்திலேயே அடிபட்டுவிடும், அதனால் டேப்பைப் பிடித்து முதலில் தெருவை அளந்துவிட்டுப் பொறியாளருக்குப் பணம் கொடுங்கள். 2024 முதல் சுயசான்று முறையில் 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட உடனடி அனுமதி கிடைக்கிறதே, அது வீட்டுக்கு மட்டும். அப்படி வாங்கிய பிளானைக் கடைக்குக் காட்ட முடியாது.

வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள், 'குடியிருப்புக்கு மட்டும்' என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். வீட்டுக்காரர் வாய்வார்த்தையாகச் சரி என்றாலும் உபயோகத்தைக் குறிப்பிட்டுப் புது ஒப்பந்தம் போட்டு வாடகை ஆணையத்தில் பதிவு செய்யுங்கள், உரிமத்துக்குத் தேவைப்படும் ஆட்சேபணையின்மைக் கடிதத்தையும் அன்றைக்கே கையெழுத்து வாங்கிவிடுங்கள். சொத்துவரி வணிகக் கணக்குக்கு மாறினால் கூடும் தொகையை யார் கட்டுவது, மின் இணைப்பு மாற்றும் செலவு யாருடையது என்பதையும் அதில் எழுதுங்கள். நாளைக்குச் சண்டை வருவது வாடகையைவிட இதில்தான்.

அக்கம்பக்கம்

இங்கே இந்த மாதிரி சின்னத் தொழிலின் அனுமதிக்காக ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்பது எல்லாம் கிடையாது. ஆனால் நடைமுறையில் எல்லாமே புகாரில்தான் ஓடுகிறது. ஒரு ஆள் மாநகராட்சியின் புகார் எண் 1913க்கு போன் போட்டாலோ முதல்வர் தனிப்பிரிவுக்கு மனு எழுதினாலோ அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயத்தில் வார்டு ஆபீஸிலிருந்து ஆள் வருவார். அதுவரை உங்கள் கடை யார் கண்ணிலும் படாது. அதனால் விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் இரண்டு பக்கத்து வீடு, எதிர்வீடு, மாடி, பின்சுவர் ஒட்டிய வீடு, இத்தனை பேரிடமும் நேரில் போய்ப் பேசுங்கள்.

பேசும்போது 'அக்கா, ஒரு நாய்க்கடை போடறேன்' என்று ஆரம்பித்தால் காரியம் கெட்டது. காலையில் 10 மணிக்குத் திறந்து சாயங்காலம் 6 மணிக்கு மூடிவிடுவேன், ஒரு நேரத்தில் இரண்டு நாய்க்கு மேல் இருக்காது, முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொண்டுதான் வருவார்கள், வண்டி உங்கள் வாசலில் நிற்காது, ஏதாவது தொந்தரவு என்றால் இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள் என்று நடைமுறையைச் சொல்லுங்கள். பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறது, மாமியாருக்கு வீசிங், காலையில் தொழுகை, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஜெபக்கூட்டம் என்று அவர்கள் சொல்வதைக் காதில் வாங்கி நேரத்தை அதற்கேற்ப மாற்றுங்கள். சம்மதித்தவர்களிடம் ஒரு தாளில் பெயர், கதவு எண், கையெழுத்து வாங்கி வையுங்கள். சட்டப்படி அது கட்டாயம் இல்லை. ஆனால் ஆய்வுக்கு வருகிறவர் கையில் அந்தத் தாளைக் கொடுத்தால் பேச்சின் தொனியே மாறிவிடும்.

ஒருவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். அவருடைய ஆட்சேபம் என்ன, அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தத்துக்கு அளவு இருக்கிறது. ஒலி மாசு விதிகள் 2000இன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. தொழில்முறை ப்ளோவர் ஒன்றை ஓடவிட்டு, போனில் ஒரு சவுண்ட் மீட்டர் ஆப்பை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று பாருங்கள், ஆப் துல்லியமாக இருக்காது என்றாலும் நிலவரம் தெரிந்துவிடும். ஒட்டுச்சுவர் மேல் ப்ளோவரை மாட்டாதீர்கள். அதிர்வு சுவர் வழியாக அந்தப் பக்கம் போய் அலமாரியில் எவர்சில்வர் பாத்திரம் கிலுகிலுக்கும். தரையில் ரப்பர் ஷீட் போட்டு அதன்மேல் வையுங்கள், சந்துப் பக்க ஜன்னலுக்குக் கண்ணாடி போடுங்கள். பணம் கொஞ்சம் அதிகமானாலும் வேகம் குறைத்துக்கொள்ளக்கூடிய ப்ளோவரே வாங்குங்கள், பூனைக்கும் அதுதான் நல்லது.

மாநகராட்சி உரிமம்

இடம் சரி என்று ஆன பிறகுதான் தொழில் உரிமம். சென்னை மாநகராட்சியின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், இப்போது இது 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்தின் கீழும் 2023இன் விதிகளின் கீழும் வருகிறது. அடையாளச் சான்று, சொத்துவரி ரசீது, வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரரின் ஆட்சேபணையின்மைக் கடிதம், கடையின் பரப்பளவு, போட்டோ இவற்றைத் தயாராக ஸ்கேன் செய்து வையுங்கள். தொழில் வகைப் பட்டியலில் உங்கள் தொழிலுக்கு நேரான பெயர் தெரியவில்லை என்றால் தோன்றியதைத் தட்டிவிடாமல் மண்டல அலுவலகத்தில் லைசென்ஸ் இன்ஸ்பெக்டரைப் பார்த்து எதில் போடுவது என்று கேட்டுவிடுங்கள். 'பெட் ஷாப்' என்று போட்டுவிட்டு உள்ளே குரூமிங் மட்டும் நடந்தாலும், 'சில்லறை விற்பனை' என்று போட்டுவிட்டு உள்ளே நாய்க்குட்டி இருந்தாலும் ஆய்வில் நிற்பது நீங்கள்தான். உரிமம் கிடைத்ததும் கடையில் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டுங்கள், அது எந்தத் தேதிவரை செல்லும் என்பதைப் பார்த்து, புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆய்வுக்கு வருகிறவர் பார்ப்பது பெரும்பாலும் தண்ணீர் போகிற வழி. குளிப்பாட்டிய தண்ணீர் மெட்ரோ வாட்டரின் பாதாளச் சாக்கடைக்குத்தான் போக வேண்டும், தெருவோர மழைநீர் வடிகாலில் விட்டால் அபராதம். டப்பின் வாயில் சல்லடை ஒன்று, வெளியே சேம்பருக்கு முன்னால் இன்னொரு சல்லடை போடுங்கள். ஒரு லேப்ரடாரைக் குளிப்பாட்டினால் கைப்பிடி கைப்பிடியாக முடி வரும், அது சோப்போடு சேர்ந்து பழைய பீங்கான் குழாயில் போய் முடிச்சுப் போட்டுக்கொண்டால் மொத்தத் தெருவுக்கும் சாக்கடை அடைக்கும், அடைப்பு எடுக்க வருகிறவர் வெளியே இழுத்துப் போடும் முடியைப் பார்த்ததுமே யார் வீட்டுக் குழாய் என்று தெருவுக்கே தெரிந்துவிடும். முடியையும் கழிவையும் தனித்தனியாகக் கட்டித் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள், முதல் வாரத்திலேயே அவர்களிடம் என்ன நேரத்துக்கு வருவார்கள் என்று பேசி வைத்துவிட்டால் மூட்டை வாசலில் கிடக்காது.

மின்சாரத்தை மறந்துவிடாதீர்கள். வீட்டு இணைப்பில் கடை ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உட்பட வீட்டுச் சலுகையில் தொழில் நடத்தியதாக ஆகிவிடும். மின்சாரச் சட்டம் 2003இன் 126ஆவது பிரிவில் அங்கீகாரமற்ற பயன்பாடு என்று கணக்குப் போட்டால் அந்தக் காலத்துக்குரிய கட்டணம் இரண்டு மடங்கு. கடைப் பகுதிக்குத் தனி வணிக மீட்டர் வாங்குவது நல்லது. ப்ளோவர், கீசர், ஏசி மூன்றும் சேர்ந்து இழுக்கிற லோடுக்கு வீட்டு வயரிங்கே தாங்காது.

விலங்குகளுக்கான விதிகள்

குரூமிங் மட்டும் என்றால் இந்தப் பகுதி உங்களைப் பெரிதாகத் தொடாது. உயிருள்ள விலங்கை விற்பதற்கு 2018ஆம் ஆண்டின் பெட் ஷாப் விதிகள் பொருந்தும்: நாய், பூனை, முயல், கினி பன்றி, வெள்ளெலி, கூண்டுப் பறவை எல்லாம் அதில் வரும், மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யாமல் விற்கக் கூடாது, கட்டணம் 5,000 ரூபாய். நாய் இனவிருத்திக்கு 2017ஆம் ஆண்டு விதிகள், அதற்கும் தனிப் பதிவு. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்பது அதில் முக்கியமான ஒன்று. பச்சைக்கிளி, மைனா, முனியா, நட்சத்திர ஆமை மாதிரி நம் நாட்டு இனங்களை விற்பது வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பிராட்வே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பார்த்தேன் என்பது வனத்துறையிடம் எடுபடாது. கொளத்தூர்ப் பக்கம் வண்ணமீன் விற்கிறவர்களைப் பார்த்து மீன் தொட்டி வைக்க நினைத்தால், வீட்டு மாடியில் தொட்டி அடுக்குவதற்கு முன் தளம் தாங்குமா என்று பொறியாளரிடம் கேளுங்கள், ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை.

2025 இறுதியில் மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கான உரிமத்தையும் மைக்ரோசிப்பையும் இறுக்கிப் பிடிக்க ஆரம்பித்தது. கடைக்கு வருகிற நாய்க்கு உரிமமும் வெறிநாய்த் தடுப்பூசி அட்டையும் இருக்கிறதா என்று பார்த்து, போட்டோ எடுத்து வைத்துக்கொள்வதை முதல் நாளிலிருந்தே பழக்கமாக்குங்கள். கடி விழுந்தால் முதலில் கேட்கப்படுவது அந்த அட்டைதான். ஊசி போடுகிறேன், காது மருந்து எழுதித் தருகிறேன் என்று வாடிக்கையாளரிடம் நல்ல பேர் வாங்கப் பார்க்காதீர்கள், அது பதிவு பெற்ற கால்நடை மருத்துவரின் வேலை. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே அனுப்புங்கள்.

நோட்டீஸ் வந்தால்

பயந்து ஷட்டரை இறக்கிவிட்டு ஊருக்குப் போக வேண்டாம், கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நிற்பதும் முதல் வேலை அல்ல. நோட்டீஸை யார் அனுப்பினார்கள், எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எத்தனை நாள் அவகாசம் என்று முதலில் பாருங்கள். உரிமம் இல்லை என்ற நோட்டீஸ் வேறு, குடியிருப்புக் கட்டடத்தை வணிகத்துக்குப் பயன்படுத்துகிறீர்கள் என்று நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளில் வருகிற நோட்டீஸ் வேறு. முதலாவதற்கு விண்ணப்பித்த எண்ணைக் காட்டினால் பேசலாம். இரண்டாவதைத் தள்ளிப்போட்டால் சீல் வரைக்கும் போகும், அதற்கு வக்கீலையோ பொறியாளரையோ வைத்து அவகாசத்துக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள்.

பதிலில் கோபம் வேண்டாம், தெருவில் இருக்கிற மற்ற ஒன்பது கடைகளைக் காட்டிக்கொடுக்கவும் வேண்டாம், அப்படிச் செய்தால் ஒன்பது பேரும் உங்களுக்கு எதிராகத் திரும்புவார்கள், உங்கள் நோட்டீஸும் அப்படியே இருக்கும். என்ன தொழில், எத்தனை சதுர அடி, எந்தத் தேதியில் யாருக்கு மனுக் கொடுத்தீர்கள், ஒப்புகை எண் என்ன, அக்கம்பக்கத்தார் கையெழுத்து, சாக்கடை இணைப்பின் போட்டோ, இவற்றை இணைத்து, குறையைச் சரிசெய்ய இத்தனை நாள் வேண்டும் என்று கேளுங்கள். அந்தப் பதிலையும் தபால் பிரிவில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். தேதி தெளிவாக விழவில்லை என்றால் அங்கேயே நின்று இன்னொரு முறை குத்தச் சொல்லுங்கள்.